பதினைந்தாவது வரிசைக்கும் பதினாறாவது வரிசைக்கும் நடுவே

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘டேங்க்’ என்றால்தான் தெரியும். இருபத்துநான்கு வருடமாகப் பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்து வயலுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்துக் கொடுத்த மனிதருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? டேங்கைக் கழற்றி வைத்த பிறகும் அவர் முதுகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்கும். பஸ்ஸில் போனால் சீட்டில் முழுசாகச் சாயமாட்டார். வீட்டில் டிவி பார்க்கும்போது இடது கை தன்பாட்டுக்கு மேலும் கீழும் பம்ப் அடித்துக்கொண்டிருக்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள்.

நான் அந்த மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன். மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்துக்கொண்டாலும் வாஷர் தேய்ந்தாலும் என் கடைக்குத்தான் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பேர். வராமல் என்ன செய்யும்? விஷம் அடித்த டேங்கைக் கழுவாமல் தூக்கிக்கொண்டு வந்து என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கழுவித் துடைத்துக் கொண்டுவருகிற ஒரே ஆள் மாமாதான். அதனாலேயே அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

தொழிலில் மாமா கெட்டி. இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், என்ன பூச்சி, எந்த மருந்து, எத்தனை மூடி என்று சொல்லிவிடுவார். வயலை விட்டு வெளியே வந்தால்தான் சிக்கல். இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் அன்றைய பொழுது அங்கேயே போச்சு. ஓட்டலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பக்கத்து மேஜையைப் பார்ப்பார். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேரும் சொல்வது சரி என்று அவருக்குத் தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதை வாய்விட்டும் சொல்லிவிடுவார். பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு இவரைத் திட்டுவார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் தையல்காரம்மா வந்து சேர்ந்தார்.

தையல்காரம்மா எங்கள் கடைத்தெருவில் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். கண் மங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் கடையை மூடிவிட்டு, ஊரைத் தாண்டி ஒரு சின்ன நிலம் வாங்கினார். ஒரு பிடி ரசாயன உரம் போடமாட்டேன், ஒரு சொட்டு பூச்சிமருந்து விடமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு பீன்ஸ் போட்டார். இஞ்ச் டேப்பை வைத்து அளந்து நாற்பது வரிசை. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

ஒருநாள் என் கடைக்கு வந்தார். மாமா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“டேங்க்னு சொல்றாங்களே, அது நீங்கதானா தம்பி?”

“ஆமாம்மா.”

“வாரத்துல ஒருநாள் எங்கிட்ட வேலைக்கு வரணும். உங்க டேங்க் வேண்டாம். நீங்க மட்டும் போதும்.”

மாமா திருதிருவென்று என்னைப் பார்த்தார். டேங்க் இல்லாமல் தன்னை எதற்கு ஒருத்தர் கூப்பிடவேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். பூண்டு, பச்சை மிளகாய், வேப்பெண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் ஊறவைத்து அவரே ஒரு கரைசல் தயார் செய்கிறார். அதை அடிக்கத் தெம்பு இல்லை. மற்ற வயலில் மருந்தடித்த டேங்கில் அதை ஊற்றினால் பழைய விஷம் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் என்னிடம் புதுசாக ஒரு மஞ்சள் டேங்க் வாங்கித் தன் கொட்டகையிலேயே பூட்டி வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மட்டும் மாமா போகவேண்டும். போனதும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவி, அங்கே தனியாக வைத்திருக்கிற உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வரப்பில் கால் வைக்கவேண்டும். ஆப்பரேஷன் தியேட்டர் தோற்றது.

முதல் செவ்வாய் முடிந்து வந்த மாமாவிடம், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நம்ம மருந்து கொல்லும் மாப்ள. ஆனா இப்படி நாறாது” என்றார்.

அக்கா அவரை வாசலிலேயே நிறுத்தி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

நாற்றம் பழகிவிட்டது. பழகாதது வேறு ஒன்று. மாமாவின் கணக்கில் வேலை முடிந்தது என்றால் பூச்சி செத்தது என்று அர்த்தம். இங்கே அப்படி முடியவே இல்லை. கரைசல் அடித்து மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பூச்சி கொஞ்சம் இருக்கும், செடியும் நன்றாகவே இருக்கும். “பூச்சியும் இருக்கு, காயும் இருக்கு மாப்ள. இதை நல்லா இருக்குன்னு சொல்றதா, கெட்டுப்போச்சுன்னு சொல்றதா?” என்று என் மண்டையைக் காய வைப்பார். எனக்கு என்ன தெரியும்? நான் வாஷர் மாற்றுகிறவன்.

உரக்கடை முதலாளி ஒருபக்கம் மாமாவைப் பிடித்துக்கொள்வார். மாமாவுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர் அவர்தான், நல்ல மனிதரும்கூட. “உலகத்துல எத்தனை வாய் இருக்கு, டேங்க்? பூண்டுத் தண்ணியை வச்சு அத்தனை பேருக்கும் சோறு போட்டுட முடியுமா? விளைச்சல் பாதியாப் போனா மீதிப் பேர் எதைத் தின்பாங்க?” என்பார். மாமா தலையாட்டுவார். செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டுவார். “முதல் வருஷம் இதுல ஒரு மண்புழு கிடையாது தம்பி. இப்போ எண்ணுங்க. பக்கத்து வயல் மண்ணையும் எடுத்து எண்ணுங்க. வருஷா வருஷம் உரத்தைக் கூட்டிக்கிட்டே போறாங்களே, எதுக்கு?” மாமா அதற்கும் தலையாட்டுவார்.

“ரெண்டு பேரும் சொல்றது சரியா இருக்கே மாப்ள. அதெப்படி?”

“உங்களுக்கு எப்பதான் ஒருத்தர் சொல்றது தப்பாத் தெரிஞ்சிருக்கு?” என்று நான் எரிந்து விழுவேன்.

இப்படியே இரண்டு வருடம் ஓடி மூன்றாவது வருடம் வந்தது. அதுதான் முக்கியமான வருடம். தொடர்ந்து மூன்று வருடம் ரசாயனம் எதுவும் தொடாத நிலம் என்றால்தான் இயற்கை விவசாயச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்தால், பெரிய மருத்துவமனையின் சமையலறையில் தையல்காரம்மாவின் காய் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சுற்றியிருந்த ஐந்து விவசாயிகள், அந்தம்மாவுக்குச் சான்றிதழ் வரட்டும், நாங்களும் ஒரு பக்கத்தில் இப்படிப் போட்டுப் பார்க்கிறோம் என்று மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பருவம். இன்னும் ஐந்து வாரம்.

அப்போதுதான் அசுவினி விழுந்தது. அசுவினி என்பது இலைக்கு அடியில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற பொடிப்பூச்சி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு வாரத்தில் செடியைச் சுருட்டிவிடும். மாமா மூன்று முறை கரைசல் அடித்தார். அசுவினி அசையவில்லை. நாற்பது வரிசையும் கொழுந்து சுருண்டு, பிசுபிசுவென்று நின்றன. மூன்றாவது முறை அடித்து முடித்த அன்று தையல்காரம்மா துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். மோசமான வரிசைகளை வெட்டி எறிந்தால் மீதியாவது பிழைக்குமா என்று பார்த்தார். எந்த வரிசையில் தொடங்குவது என்று தெரியாமல், வெட்டாமலே திரும்பிப் போனார்.

அடுத்த முறை மாமா தனியாகத்தான் அடித்தார். தையல்காரம்மா கண் டாக்டரிடம் போயிருந்தார். அதற்கு ஒன்பது நாள் கழித்து மாமா என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. உள்ளே வந்து, நான் பிரித்துப் போட்டிருந்த ஒரு பம்ப்பைக் கையில் எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, தப்புப் பண்ணிட்டேன்.”

“என்ன பண்ணீங்க?”

“கரைசல்ல மருந்து கலந்துட்டேன்.”

“யாரோட வயல்ல? அந்தம்மா வயல்லயா? மூணு வருஷமாக் கை கால் கழுவிட்டு இறங்கின வயல்லயா?”

“மெதுவாப் பேசு. கத்தரிக்கோலோட நின்னாங்க மாப்ள. பார்க்க முடியலை. எங்கிட்ட அசுவினிக்கு நல்ல மருந்து ஒண்ணு இருந்துச்சு. டேங்க்குக்கு ஒரு மூடி. ஒரே ஒரு மூடி.”

“நாற்பது வரிசைக்கு எட்டு டேங்க் ஆகுமே. எட்டுலயுமா?”

“இல்லை. மூணுலதான். டேங்க்குக்கு அஞ்சு வரிசை. முதல் பதினஞ்சு வரிசை முடிஞ்சுது. நாலாவது டேங்க்குக்கு மருந்து பாட்டிலைத் திறந்தேன், கை வரலை. டேங்க்கை மூணு தடவை கழுவிட்டு, மீதி அஞ்சு டேங்க்கும் வெறும் கரைசல்தான்.”

இரக்கத்தால் செய்தாரா, தான் அடித்தும் பூச்சி சாகாமல் இருப்பதா என்ற ரோஷத்தால் செய்தாரா என்று கேட்டேன். “ரெண்டும் இருந்துச்சு போல” என்றார். பாவமாகவும் இருந்தது, பம்ப்பால் அடிக்கலாம் போலவும் இருந்தது.

“சரி, போனது போச்சு. அசுவினி என்ன ஆச்சு?”

அதற்குத்தான் அவர் வந்திருந்தார். “அதான் மாப்ள புரியலை. எல்லாம் போயிடுச்சு.”

“மருந்து போட்டா போகத்தானே செய்யும்.”

“நாற்பது வரிசைலயும் போயிடுச்சு.”

அவர் தினமும் விடிந்ததும் அங்கே போய், பதினைந்தாவது வரிசைக்கும் பதினாறாவது வரிசைக்கும் நடுவே நின்று இந்தப் பக்கம் ஒரு இலை, அந்தப் பக்கம் ஒரு இலை என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று பார்த்தாராம். மருந்து போட்ட பக்கம் பிழைத்து, போடாத பக்கம் செத்திருந்தால், தப்புச் செய்தாலும் காப்பாற்றினோம் என்றாவது இருக்கும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. அப்படியானால் மருந்தே போடாமல் இருந்திருந்தாலும் எல்லாம் பிழைத்திருக்குமா? சும்மா இருந்திருந்தால் போதுமா?

“காத்துல மருந்து அந்தப் பக்கமும் பறந்து போயிருக்கும்” என்றேன் நான். நாசிலைப் பற்றி எனக்குத் தெரியும்.

“அன்னைக்குக் காத்தே இல்லை மாப்ள.”

“மூணாம் நாள் மழை பெய்ஞ்சுதே. மழை அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்.”

“பெய்ஞ்சுது. ஆனா பக்கத்து வயல்லயும்தானே பெய்ஞ்சுது? அங்கே அசுவினி இன்னும் இருக்கு.” பம்ப்பைக் கீழே வைத்துவிட்டு, “பொறிவண்டு வந்திருக்கு” என்றார். “சிவப்பு முதுகுல கறுப்புப் புள்ளி இருக்குமே, அது அசுவினியைத் தின்னும். பதினாறாவது வரிசையிலேர்ந்து அந்தப் பக்கம் நிறைய இருக்கு. இந்தப் பதினஞ்சு வரிசையில ஒண்ணுகூட இல்லை. மருந்துல செத்திருக்கும். இப்போ ரெண்டாவது வரிசையில மறுபடியும் ஒண்ணு ரெண்டு அசுவினி தெரியுது.”

“அப்போ வண்டுதான் காப்பாத்தியிருக்கு. மருந்து போட்ட பக்கம்தான் கெட்டுப்போகப் போகுது.”

“அப்படியும் சொல்ல முடியலை. ரெண்டாவது வரிசை வேலி ஓரம். பக்கத்து வயல்லேர்ந்து எப்பவுமே அங்கேதான் முதல்ல ஏறும்.”

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. “மாமா, கையெடுத்துக் கும்பிடுறேன். வாயை மூடிக்கிட்டு இருங்க. சான்றிதழ் வந்துடும், அந்தம்மா சந்தோஷமா இருப்பாங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியாது” என்றேன். அந்தப் புத்திமதியைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூடிக்கொண்டு இருக்க ஊர் விட்டால்தானே. சுருண்டு கிடந்த நாற்பது வரிசை நிமிர்ந்த செய்தி பரவிவிட்டது. மதில்மேல் இருந்த ஐந்து பேரும் வயலுக்கே வந்துவிட்டார்கள். தையல்காரம்மா முகம் மலர்ந்து அவர்களை அழைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டினார். நாலாவது முறை அடித்ததில்தான் அடங்கியது, பொறுமை வேண்டும் என்றார். பிறகு, “எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அடிச்சது தம்பிதானே, அவரையே கேளுங்க” என்று மாமாவை முன்னால் தள்ளிவிட்டார். பூண்டு எத்தனை, எண்ணெய் எத்தனை, எந்த நேரத்தில் அடிக்கவேண்டும் என்று ஐந்து பேரும் கேட்டார்கள். இருபத்துநான்கு வருடத்தில் யாரும் மாமாவைச் சுற்றி நின்று இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை. மாமா பூண்டின் அளவை மூன்று விதமாகச் சொன்னார். வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயந்திரம் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவளுக்கும் அவர் சொல்லியிருந்தார்.

“அவங்க அஞ்சு பேரும் இதை நம்பி இறங்குவாங்க” என்றார் மாமா. “கரைசலாலதான் பிழைச்சுதுன்னா பரவாயில்லை. மருந்தாலன்னா? அவங்க வயல் போயிடுமே. சொல்லிட்டா அந்தம்மாவோட மூணு வருஷம் போயிடும். எது பெருசு மாப்ள?”

அக்காதான் பதில் சொன்னாள். “எது பெருசுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சாப்பிடாம இருக்கிறது எனக்குப் பிடிக்கலை.”

மூன்று நாளில் சான்றிதழ் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். தொப்பி போட்ட இளவயசு அதிகாரி. கையுறை, பிளாஸ்டிக் பை, ஒட்டுவதற்கு லேபிள் எல்லாம் வைத்திருந்தார். மஞ்சள் டேங்கின் பிடி கசிகிறது என்று நானும் அன்று அங்கே போயிருந்தேன். “எங்கே வேணும்னாலும் எடுத்துக்கோங்க தம்பி” என்று தையல்காரம்மா வயலைக் கையால் காட்டினார். அதிகாரி நேராக உள்ளே போய் இருபத்தெட்டாவது வரிசையில் குனிந்தார். பத்துப் பதினைந்து காய், கொஞ்சம் இலை. முப்பத்தைந்தாவது வரிசையில் இன்னும் கொஞ்சம். பையை மூடி, லேபிள் ஒட்டி, கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. மருந்து போடாத பக்கத்திலேயே எடுத்துவிட்டார்! யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாம் தானாக முடிந்துவிட்டது. மாமாவின் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன். நகராதீர்கள் என்று அர்த்தம்.

அதிகாரி வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். மாமா என் கையை உதறிவிட்டு ஓடினார்.

“சார், அங்கே எடுத்தா பத்தாது. இந்தப் பக்கமும் எடுக்கணும்.”

“எல்லாம் ஒரே நிலம்தானே? எங்கே எடுத்தா என்ன?”

“ஒரே நிலம் இல்லை சார். முதல் பதினஞ்சு வரிசையில நான் மருந்து கலந்து அடிச்சேன். அம்மாவுக்குத் தெரியாது. அவங்க மேல தப்பு இல்லை.”

தையல்காரம்மா இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. என்ன மருந்து, எத்தனை மூடி, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அந்தம்மா அதிகாரியைப் பார்த்து, “அந்தப் பதினஞ்சு வரிசையை மட்டும் ஒதுக்கிட முடியாதா?” என்றார்.

“வரிசைக்கு வரிசை தனி சான்றிதழ் கிடையாதும்மா. ஒரு செடியில அடிச்சிருந்தாலும் மொத்த நிலமும்தான். மறுபடி முதல்லேர்ந்து மூணு வருஷம்.” சொல்வதற்கு அவருக்கே கஷ்டமாக இருந்தது.

“மூணு வருஷத்துல எனக்கு எழுபது ஆயிடும்” என்றார் தையல்காரம்மா, யாரிடம் என்று இல்லாமல். பிறகு மாமாவைப் பார்த்தார். “பூச்சி தின்னிருந்தா ஒரு பருவம்தான் போயிருக்கும் தம்பி. நீங்க மூணு வருஷத்தைத் தின்னுட்டீங்க. இனிமே வராதீங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் அழுதுகொண்டு வந்ததை ரொம்ப தூரம் கழித்துத்தான் கவனித்தேன்.

உண்மையைச் சொன்னதில் ஒரு நல்லதாவது நடந்திருக்கவேண்டும் இல்லையா? அதுவும் நடக்கவில்லை. ஐந்து விவசாயிகளும் பாதி உண்மையைத்தான் காதில் வாங்கினார்கள். “பார்த்தியா, டேங்க் திருட்டுத்தனமா மருந்து போட்டுத்தான் காப்பாத்தியிருக்காரு. பூண்டுத் தண்ணியாம், பூண்டுத் தண்ணி” என்று உரக்கடையில் நின்று சிரித்தார்கள். மாமா அங்கேயே இருந்தார். “இருபத்தஞ்சு வரிசையில போடலைங்க. அதுவும்தானே பிழைச்சுது?” என்று எடுத்துச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் கரைசல்தான் காப்பாற்றியது என்று சொல்ல வருகிறாயா என்று முதலாளி கேட்டார். “அதுவும் தெரியலைங்க” என்றார் மாமா. இதற்கு மேல் ஒருத்தர் எப்படிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள முடியும்?

மறுபடியும் பழைய டேங்கை மாட்டிக்கொண்டு எல்லா நாளும் மருந்தடிக்கப் போனார். செவ்வாய்க்கிழமை மட்டும் வீட்டில் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து மீசைக்காரர் என் கடைக்கு மாமாவின் டேங்கையே தூக்கிக்கொண்டு வந்தார். மாமா மருந்தடிக்கிற வயல்காரர்களில் ஒருத்தர், அவருக்கு மீசைதான் அடையாளம். “என்ன மெஷின் பார்க்கிறே நீ? ஒரு வரிசைக்கு மருந்தே விழலை. கடைசி வரிசை பூராவும் பூச்சி” என்று குதித்தார். நான் பிரித்துப் பார்த்தேன். நாசில் சுத்தம், வாஷர் புதுசு, குழாயில் ஒரு கீறல் இல்லை. அதே வாரம் இன்னொருத்தரும் அதே புகாரோடு வந்தார். அவருக்கும் கடைசி வரிசைதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமாவை வீட்டில் போய்ப் பிடித்தேன். “எத்தனை வயல்ல விட்டு வச்சிருக்கீங்க?”

“ஏழு” என்றார். “வயலுக்கு ஒரு வரிசை. ஒண்ணும் அடிக்காம விட்டா என்ன ஆகுதுன்னு பார்க்கிறேன் மாப்ள. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“ஒரு வயல்ல சொல்லாம மருந்து போட்டு மாட்டினீங்க. இப்போ ஏழு வயல்ல சொல்லாம போடாம மாட்டப் போறீங்க. உங்களுக்குப் புத்தி எப்பதான் வரும்?”

அவர் பேந்தப் பேந்த விழித்தார். இதுவும் அதுவும் ஒன்று என்று அந்த நிமிடம் வரை அவருக்குத் தோன்றவே இல்லை. நான் கூட்டிச் சொல்லவில்லை, அது முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “போய்க் கேட்டுட்டுப் பண்ணுங்களேன். வாயில என்ன இருக்கு?” என்றாள்.

கேட்டார். ஏழு வீட்டு வாசலிலும் போய் நின்று, செய்ததைச் சொல்லிவிட்டு, இனிமேல் செய்ய அனுமதி கேட்டார். ஆறு பேர் விரட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் இனி வேலைக்கே வராதே என்றார்கள். மீசைக்காரர் மட்டும், திட்டித் தீர்த்துவிட்டு, “என் பீன்ஸ் வயல்ல ரோட்டோரம் ரெண்டு வரிசை எடுத்துக்கோ. அதுக்கு மேல ஒரு செடியைத் தொட்டே, அவ்வளவுதான்” என்றார். அவர் ஏன் சம்மதித்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மாமா அந்த இரண்டு வரிசையையும் நான்கு பழைய போர்வையைக் கட்டித் தடுத்தார், மருந்து பறந்து வரக்கூடாது என்று. ஒரு வரிசைக்குக் கரைசல். இன்னொரு வரிசைக்கு ஒன்றும் இல்லை. கரைசலை வீட்டுப் பின்பக்கம் ஊறவைத்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. தினமும் காலையில் போய் இலையைத் திருப்பி எண்ணினார். அசுவினி இத்தனை, வண்டு இத்தனை. திங்கட்கிழமை கரைசல் ஜெயிக்கும். புதன்கிழமை சும்மா விட்ட வரிசை நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை இரண்டும் கவிழ்ந்துவிடும் போல நிற்கும். கேட்டால் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஒன்பதாவது நாள் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ரோட்டில் போன பஸ் நின்றது. தையல்காரம்மா இறங்கினார். அங்கே அவருக்கு இறங்கவேண்டிய வேலை எதுவும் இல்லை. எங்களைப் பார்க்கவே பார்க்காமல் போர்வையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு இலையைத் திருப்பி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இது கரைசலா?”

“ஆமாம்மா. உங்க அளவுதான்.”

“அது?”

“அதுக்கு ஒண்ணுமே இல்லைம்மா.”

“எது நல்லா இருக்கு?”

மாமா இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் ஒரு பதில் தயாராக இருந்திருக்கும், அந்தம்மாவுக்குப் பிடித்த பதில். “தெரியலைம்மா” என்றார். “ஒருநாள் இது, ஒருநாள் அது.”

தையல்காரம்மா நிமிர்ந்தார். “உங்க மேல எனக்கு இன்னும் கோபம் தீரலை தம்பி.”

“தெரியும்மா.”

“நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ல வர்றேன். நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க எண்ணக்கூடாது. ஒரு இலையைக்கூடத் திருப்பக்கூடாது.”

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டோரம் போய் நின்றுகொண்டார். மாமாவை நம்பித்தான் வருகிறாரா, நம்பாமல்தான் வருகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவிடம் கேட்டேன். “ரெண்டும்தான் போல” என்றார்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார் என்று அக்கா சொல்ல, எங்கே போய் எண்ணித் தொலைத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வாரோ என்று நான் பின்னாலேயே சைக்கிளை மிதித்தேன். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மாமா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.